கைத்தையலைக் கடையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்குக் கொடுப்பதா, மெஷினுக்கு விடுவதா?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே புதுச்சேரித் தையல் கடைகளில் பிளவுஸ் துணி குவிய ஆரம்பித்துவிடும். மெஷினில் ஓட்டுவது ஒரு பாதி வேலை. கொக்கி, எம்மிங் (ஓரம் மடித்துத் தைப்பது), ஃபால்ஸ் (புடவையின் அடி ஓரத்தில் உள்பக்கம் வைக்கும் பட்டைத் துணி), காஜா (பட்டன் துளை), பட்டன், குஞ்சம் என்று கையால் முடிப்பது மறுபாதி. ஆர்டர் தேங்கி நிற்பது பெரும்பாலும் இந்த மறுபாதியில்தான். அப்போதுதான் கடைக்காரர்கள் யோசிப்பார்கள்: கைவேலைக்கென்று இரண்டு பேரைக் கடையில் உட்கார வைக்கலாமா, தெருவில் இருக்கும் பெண்களிடம் வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாமா, இல்லை காசைப் போட்டு மெஷின் வாங்கிவிடலாமா?

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய தையல் கூடத்தில் கைவேலைப் பகுதி என் பொறுப்பு. மூன்று வழியிலும் வேலை வாங்குகிறோம். பலர் இதை 'பீஸுக்கு எவ்வளவு ஆகும்' என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள். விலை முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தையல் கோணினால் அது யார் கண்ணில் படும்? விரலில் குத்துப்பட்டால், கழுத்து பிடித்துக்கொண்டால், அது யாருக்குத் தெரியும்? இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் ஒரே ஆளாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தையலும் தெரியும், வலியும் தெரியும். யாரும் பார்க்காத இடத்தில் இரண்டும் சேர்ந்தே கெடும்.

மெஷினுக்கு எது போகலாம்

பள்ளிச் சீருடை, ஓட்டல் யூனிஃபார்ம், ஆண்கள் சட்டை என்று ஒரே மாதிரித் துணி நூற்றுக்கணக்கில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். காஜாவும் பட்டனும் மெஷினுக்குப் போகட்டும். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் காஜா போட்டுத் தரும் கடையில் கொடுத்து வாங்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். பட்டன் மெஷின்களில் பல ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. பின்பக்கம் தொங்கும் நூல் நுனியை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். புதுச் சட்டையில் ஒன்றிரண்டு சலவைக்குள் பட்டன் கழன்று விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேல் நூலும் கீழ் நூலும் பூட்டிக்கொள்ளும் லாக் ஸ்டிட்ச் மெஷினா என்று கேட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த நுனியைக் கை ஊசியில் கோத்து ஒரு முடிச்சு போட்டுவிட வேண்டும்.

எம்மிங் மெஷினிலும் இதே சங்கதி. வளைந்த ஊசி, ஒற்றை நூல். பேன்ட் காலுக்கும் ஜன்னல் திரைக்கும் நன்றாக இருக்கும். மெல்லிய பட்டு, ஷிஃபான், ஜார்ஜெட் துணியில் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஊசி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் துணிக்குத் துணி மாற்றி அமைக்கவும் வேண்டும். பத்து பிளவுஸ் பத்து வகைத் துணியில் வரும் கடையில், அமைத்து முடிப்பதற்குள் கை பழகியவர் ஒரு பிளவுஸ் கையை எம்மிங் செய்துவிடுவார்.

ஆபத்து என்று பார்த்தால் மெஷின் ஊசி கை ஊசியைவிட மோசம். விரலில் ஏறினால் உள்ளேயே உடையலாம், எக்ஸ்ரே எடுத்துத்தான் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் தடைபடுகிறது என்று விரல் காப்புக் கம்பியைக் கழற்றி வைக்க யாரையும் விடாதீர்கள். மெஷின் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டுக்குக் கொடுப்பது

இது எல்லோரும் முதலில் நினைக்கும் வழி. இட வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, ஆள் வரவில்லையே என்ற கவலை இல்லை. அந்தப் பெண்களுக்கும் இதில் நன்மை உண்டு. குழந்தையை, படுத்திருக்கும் மாமியாரை விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வர முடியாதவர்கள் நிறையப் பேர். லாஸ்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர் என்று எங்கே கேட்டாலும் ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா இருப்பார். அந்த வருமானத்தில் ஒரு குடும்பத்தின் பால் காசும் டியூஷன் ஃபீஸும் ஓடும். இதை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அங்கே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, இரவு எட்டு மணிக்கு மேல்தான் துணியை எடுப்பார்கள். ஒரே டியூப் லைட், அதுவும் முதுகுக்குப் பின்னால். தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கண்ணுக்குப் பக்கத்தில் துணியை வைத்துக்கொண்டு தைப்பார்கள். மஞ்சள் கை பட்ட கறை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அடுத்த நாள் காலையில் நமக்குத் தெரியும். அவர் கழுத்து வலி தெரியாது. துணியிலேயே குத்தி மறந்துவிட்ட ஊசி சில சமயம் வாடிக்கையாளர் வீடுவரை போய்விடுகிறது. குழந்தை தவழும் வீடாக இருந்தால் அந்த ஊசி அவர்கள் பாயிலேயே கிடக்கும்.

மழைக்காலம் இன்னொரு தலைவலி. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகாத வீடு குறைவு. பத்து வீட்டில் பத்து பேருடைய பட்டுப்புடவை இருந்தால் அன்று யார் பொறுப்பு என்பதைப் பேசி வைத்துக்கொள்ளாமல் கொடுக்கவே கூடாது. வீட்டில் இருந்து கூலிக்குச் செய்யும் வேலைக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வீட்டில் வேலை செய்கிறவருக்கும் கூலியிலும் பாதுகாப்பிலும் மற்ற தொழிலாளர்களுக்கு இணையான உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அதனால் அந்தப் பொறுப்பு கொடுக்கிறவர் மனசாட்சியில்தான் இருக்கிறது.

கொடுப்பதானால் துணியை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் எண்ணிக்கை போட்ட ஊசிகள், விரல் உறை, சின்னக் கத்தரி. மடியில் விரிக்க வெளுத்த வெள்ளைத் துணி ஒன்று. கரண்ட் போனாலும் எரியும் சார்ஜ் விளக்கு ஒன்று. இவற்றின் விலை ஒரு நல்ல பட்டுப் பிளவுஸ் கெட்டுப்போனால் கொடுக்க வேண்டிய பணத்தைவிடக் குறைவு. துணியைத் திரும்ப வாங்கும்போது ஊசி டப்பாவையும் திறந்து எண்ணுங்கள். முதலில் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். காரணத்தைச் சொன்னால் அவர்களே எண்ணிக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

கடையில் உட்கார வைத்தால்: தரையா, மேசையா

கைத்தையலை ஒரு தொழிலாக, பலர் ஒன்றாக உட்கார்ந்து செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி கூடத்தில் பெண்கள் கையாலேயே மேசைவிரிப்பும் படுக்கைவிரிப்பும் பூவேலை செய்து கொடுக்கிறார்கள். ஒருவர் தையலை இன்னொருவர் பார்க்கும் இடத்தில்தான் கை தேறும். அதனால் என் ஓட்டு கடைக்கு. ஆனால் ஒரு நிபந்தனை. மெஷின்கள் எல்லாம் ஜன்னல் ஓரம் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இருட்டு மூலையில் ஒரு பாயை விரித்து 'இங்கே உட்கார்ந்து கொக்கி வை' என்றால் அது வீட்டுக்குக் கொடுப்பதைவிட மோசம்.

தரையில் உட்காருவது நமக்குப் பழகியது. புடவை, பாவாடை, லெஹங்கா மாதிரி அகலத் துணியைச் சுற்றிப் பரப்பிக்கொள்ளலாம். துணியின் பாரம் கையை இழுக்காது. ஒரு காலை மடக்கி, ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் துணியை வைத்துத் தைக்கும் பழக்கம் நல்ல பிடிமானம் தரும். கெட்டது என்னவென்றால், அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகும். கழுத்து முழுக்கக் குனிந்தே இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எழுந்திருப்பதே பாடு. எழுந்திருக்கச் சங்கடப்பட்டே தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஊசி. நம் கடைகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் நடப்போம். தரையில் தைக்கும் இடத்தில் விழுந்த ஊசி வெறுங்காலில் ஏறுவதற்கு நேரம் பார்க்காது.

மேசை நாற்காலியில் கழுத்து தப்பிக்கும், ஆனால் உயரம் சரியாக இருந்தால்தான். நுணுக்க வேலைக்கு மேசைப் பலகை உட்கார்ந்தவர் முழங்கை மட்டத்தைவிட ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கட்டிங் டேபிள் நின்றுகொண்டு வெட்டுவதற்காகச் செய்தது, அதன் முன்னால் நாற்காலி போட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் நாற்காலியும் டீப்பாயும் போட்டால் தரையைவிட அதிகமாகக் குனிய வேண்டிவரும். குட்டையானவர்களுக்குக் காலுக்கு ஒரு பலகை வேண்டும். மேசை சிறியதாக இருந்தால் கனத்த துணி விளிம்பில் தொங்கி இழுக்கும், தையல் இறுகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. முழங்கால் உயரத்தில் ஒரு அகலமான மரமேடை, திண்ணை மாதிரி. அதன்மேல் சம்மணம் போட்டோ காலைத் தொங்கவிட்டோ உட்காரலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம். முன்னால் பழைய மண்டிகளில் கணக்குப்பிள்ளை வைத்திருப்பாரே, அந்தச் சாய்வு மேசை. தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். துணி உயர்ந்து கண்ணை நோக்கி வருவதால் கழுத்து குனிய வேண்டியதில்லை. அகலத் துணியை மேடைமேலேயே பரப்பலாம். நடக்கிறவர் கால் துணியில் படாது; ஊசி விழுந்தாலும் பெரும்பாலும் மேடையிலேயே கிடக்கும். கொக்கி, எம்மிங்குக்கு மேசை, ஃபால்ஸ் லெஹங்காவுக்கு மேடை என்று இரண்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைப்பது இன்னும் நல்லது. ஒரே நிலையில் நாள் முழுக்க உட்காருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, முடித்த துணியைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு வரும்படி வேலையையே அமைத்துவிட்டால் யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

வெளிச்சமும் கண்ணும்

ஐரோப்பாவில் வேலையிட வெளிச்சத்துக்கு ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. தையல் வேலைக்கு 750 லக்ஸ், கண்ணுக்குத் தெரியாமல் இழை சேர்த்துப் பழுது பார்க்கும் வேலைக்கு 1500 லக்ஸ் என்கிறது அது. ஒற்றை டியூப் லைட் எரியும் அறையில் துணிமேல் விழும் வெளிச்சம் இதில் கால்வாசி இருந்தால் அதிகம். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் துல்லியமாக இருக்காது, ஆனாலும் எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

பகலில் வடக்கு ஜன்னல்தான் சிறந்தது. கடல் பக்கமான கிழக்கில் காலை வெயில் கண்ணைக் கூசும். மே, ஜூன் மாதங்களில் நம் ஊரில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து போவதால் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும், அப்போது ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இடக்கைக்காரருக்கு மாற்றி. விளக்கு மேலேயும் ஃபேன் அதற்குக் கீழேயும் இருந்தால் இறக்கையின் நிழல் துணிமேல் வெட்டிக்கொண்டே இருக்கும், தலைவலி நிச்சயம். கருப்பு, கருநீலத் துணியைக் காலையிலும் வெளிர்நிறத்தை மாலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். கருப்புப் பிளவுஸுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்தால் இழை தெரியும்.

"பாப்பா, இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடு" என்று உங்கள் கடையில் மூத்த அக்கா யாராவது சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிறார்களா? அது பழக்கம் இல்லை, பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது என்று அர்த்தம். நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் முடிந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். இலை பறிப்பதற்கே அப்படியென்றால் கொக்கி வைப்பதற்குச் சொல்லவே வேண்டாம். தவளக்குப்பத்தில் கடலூர் சாலையிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் ஒரே பஸ். ஒரு நாள் சம்பளத்தோடு அனுப்பி வைத்தால், கை தேர்ந்த ஒருவர் கண் காரணமாக வேலையை விடுவதை இன்னும் பல வருடம் தள்ளிப்போடலாம்.

ஊசி, விரல் உறை, நூல்

கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். பட்டு, வாயில் என்ற மெல்லிய காட்டன் மாதிரித் துணிக்கு எம்மிங் செய்ய 9 அல்லது 10. இரட்டை நூலில் கொக்கி, பட்டன் வைக்க 7. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி, இல்லாவிட்டால் இழை அறுந்து ஓட்டை விழும். நீளமா குட்டையா என்று கேட்டால், டாக்கிங் (தற்காலிகத் தையல்) போட நீள ஊசி, சின்னச் சின்ன எம்மிங்குக்குக் குட்டை ஊசி. ஊசி நல்லதாக வாங்குங்கள். நீலகிரியில் கேத்தி அருகே செய்யும் போனி ஊசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பெயர் இல்லாத மலிவு ஊசியில் காது உள்பக்கம் கூராக இருந்து நூலை அறுக்கும். அறுந்த நூலைத் திரும்பக் கோக்கும் நேரத்தில் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

கடல் காற்று ஊசியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊசி பட்டில் பழுப்புப் புள்ளி வைத்துவிட்டால் அது போகாது. பஞ்சு அடைத்த ஊசிமெத்தை ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்தில் பாட்டிமார் உதிர்ந்த தலைமுடியைச் சேர்த்து ஊசிமெத்தைக்குள் அடைப்பார்கள், அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை துருவைத் தடுக்கும். கம்பளி நூல் துண்டுகளை அடைத்தாலும் அதே பலன்.

விரல் உறை போடாமல் தைப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். நடுவிரல் நுனியில் காய்ப்பு ஏறியிருப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். காய்ப்பு ஏறிய இடத்திலும் ஊசிக் காது ஒரு நாள் உள்ளே போகும், கொக்கி வரிசையில் நான்கு மடிப்புத் துணியைத் துளைக்கும்போது பார்த்துப் போகும். தையற்காரர்கள் அங்குஸ்தான் என்று சொல்லும் இரும்பு உறையில் இரண்டு வகை. மேலே மூடியது: விரல் நுனியால் தள்ளுகிறவர்களுக்கு. மேலே திறந்தது: விரல் பக்கவாட்டால் தள்ளுகிறவர்களுக்கு. நம் வெக்கையில் மூடிய உறைக்குள் விரல் வேர்த்து வழுக்கும். அதனால்தான் பலர் பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். திறந்ததைக் கொடுத்துப் பாருங்கள். இரும்பே பிடிக்காதவர்களுக்குத் தோல் உறை, ஆனால் தோல் சீக்கிரம் தேயும். கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் விழக் கூடாது, விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இறுகவும் கூடாது. கனத்த துணியில் சிக்கிய ஊசியைப் பல்லால் கடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துண்டு சைக்கிள் ட்யூப் போதும், அதால் பிடித்து இழுத்தால் ஊசி வழுக்காமல் வரும், கட்டைவிரல் அடியிலும் வலி வராது.

நூலில் சண்டை அதிகம், விஷயம் கொஞ்சம். காட்டன் துணிக்குக் காட்டன் நூல், மற்றதற்கெல்லாம் பாலியஸ்டர். மெல்லிய பட்டில் மட்டும் தடித்த பாலியஸ்டர் நூல் வேண்டாம். இழுபட்டால் நூல் அறாது, துணி கிழியும். முழங்கை அளவு நூல், அதாவது ஒன்றரை அடி, அதற்குமேல் எடுத்தால் சிக்கும். கொக்கிக்கான இரட்டை நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது.

குத்துப்பட்டால் விரலை வாயில் வைத்துச் சப்புவது எல்லோருக்கும் வரும் பழக்கம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் சரி. ரத்தம் பட்ட ஊசியை அடுத்தவர் எடுக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி போன்றவை ரத்தம் வழியாகப் பரவும். டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். துணியில் ரத்தம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்த வெள்ளை நூல் உருண்டையால் ஒற்றி எடுக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுவது, நூலைப் பல்லால் கடிப்பது இரண்டையும் முதல் நாளிலேயே நிறுத்த வேண்டும். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைக்கும்வரை அந்தத் துணி நகரக் கூடாது. துண்டுகளை ஓர் அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி. ஏற்றுமதி கம்பெனிகளில் கட்டாயமாகச் செய்வதுதான் இது, குழந்தைத் துணி தைக்கும் சின்னக் கடைக்கும் அவசியம். கடை மூடும்போது கூட்டுவதற்கு முன் ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டிப் பாருங்கள்.

கை பழகுவது

புதிதாக வருகிறவரிடம் நேரே வாடிக்கையாளர் துணியைக் கொடுக்காதீர்கள். குறிஞ்சிப்பாடிக் கைலி மாதிரி கட்டம் போட்ட பழைய துணி ஒன்று போதும். கட்டக்கோடே அளவு சொல்லிவிடும், இன்ச் டேப் வேண்டியதில்லை. மடித்த ஓரத்தின் உள்ளிருந்து ஊசியை எடுத்து, வெளித்துணியில் ஒரே ஓர் இழையைக் கவ்வி, சாய்வாகத் திரும்ப மடிப்புக்குள் போக வேண்டும். இழுக்கும்போது நூல் துணிமேல் படிந்தவுடன் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வெளிப்பக்கம் குழி விழும். அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு வரை. திருப்பிப் பார்த்தால் தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அதுதான் தேர்வு.

கொக்கியில் எல்லோரும் இரண்டு வளையத்தை மட்டும் தைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கொக்கியின் வளைந்த தலைக்கு அடியில் இரண்டு தையல் போட்டு அமர்த்தாவிட்டால் கொக்கி எழுந்து நிற்கும், பிளவுஸ் இடைவெளி விடும். பட்டி விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, வெளியில் தெரியாத அளவுக்கு வைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி ஒட்டிப் பயனில்லை. பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பதில் நடக்கவே முடியாதது இது ஒன்றுதான், கடைக்கு நான் ஓட்டுப் போடுவதற்குப் பெரிய காரணமும் இதுதான்.

எதை எங்கே

ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையாக இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். சீருடை, சட்டைக்கு காஜா பட்டன் மெஷினுக்கு. புடவை ஃபால்ஸ் வீட்டுக்கு. நேர்த் தையல், ஒரு புடவை கையில் இருந்தால் போதும், கறை படாமல் பார்த்துக்கொள்வது சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு புடவைக்கு மேல் கொடுக்க வேண்டாம். பிளவுஸ் எம்மிங், கொக்கி, பட்டு, வெல்வெட், குழந்தைத் துணி எல்லாம் கடையிலேயே. ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் போடும் பூவேலையான ஆரி இந்தக் கணக்கில் வராது. அதற்கு ஃப்ரேம், இடம், தனி ஆள் எல்லாம் வேண்டும், அது வேறு தொழில்.

கடையில் கைவேலைக்குப் பீஸ் ரேட் வேண்டாம், நாள் சம்பளம் கொடுங்கள். பீஸ் ரேட்டில் முதலில் விரலில் இருந்து கழற்றப்படுவது உறை, அடுத்து விட்டுப்போவது கொக்கித் தலையின் கடைசி இரண்டு தையல். வீட்டு வேலைக்குப் பீஸ் ரேட் தவிர வழியில்லை. அதை முடிவு செய்வதற்கு முன் நீங்களோ கடையில் ஒருவரோ உட்கார்ந்து ஒரு புடவையை முழுதாகத் தைத்து, நூல் கோப்பது, ஃபால்ஸை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவது, கொண்டுவந்து கொடுப்பது உட்பட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு உங்கள் கடை நாள் சம்பளத்தில் என்ன வருமோ அதற்குக் குறையாமல் ரேட் போடுங்கள். கடலூர் பக்கம் இருப்பவர்கள் அவர்களைத் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவலாம், இரண்டு ஊர்க்காரர்களும் மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரமில் பதிவு செய்து வைக்கலாம்.

இத்தனையும் செய்தால் பிளவுஸ் கூலி கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். அதை மொத்தத்தில் ஒளிக்காமல் பில்லில் 'கை எம்மிங், கொக்கி' என்று தனி வரியாக எழுதுங்கள். மெஷின் எம்மிங் போதும் என்கிறவருக்கு அந்த வரி இல்லாமல் போகட்டும். பட்டுப் பிளவுஸ் கொண்டு வருகிறவர் அந்த வரியைக் காட்டி இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பார். முடித்த பிளவுஸ் ஒன்றைத் திருப்பிக் காட்டுங்கள்.